ஜிப்ராஃப் 0.61 என்கிறது, கடிகாரம் 5.6 என்கிறது

கேள்வி. 2025 ஏப்ரல் 11, இரவு

சி மொழியில் ஒரு சின்ன நிரல். சுமார் 3 லட்சம் தமிழ்ச் சொற்கள் உள்ள கோப்பைப் படித்து, எழுத்துகளைச் சீராக்கி, அகராதி வரிசையில் அடுக்கி எழுதுகிறது. பைட்டுகளை அப்படியே ஒப்பிடும் ஸ்ட்ர்கம்ப் போட்டால் யூனிகோட் எண் வரிசைதான் வருகிறது: ந முடிந்ததும் ன, ர முடிந்ததும் ற. அதனால் அடுக்கும் வேலையைச் செய்யும் கியூசார்ட்டுக்குக் கொடுக்கும் ஒப்பிடு ஃபங்ஷனுக்குள், மொழியின் அகராதி வரிசைப்படி ஒப்பிடும் ஸ்ட்ர்கோல் வைத்திருக்கிறேன். மெதுவாக ஓடுகிறதே என்று மைனஸ் பிஜி போட்டு கம்பைல் செய்து, எந்த ஃபங்ஷன் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஜிப்ராஃபில் பார்த்தேன். ஒப்பிடு 0.35 நொடி, ஏற்று 0.14, சீராக்கு 0.09, ஹாஷ் 0.03. மொத்தம் 0.61.

டைம் கட்டளை போட்டால் ரியல் (கடிகார நேரம்) 5.6, யூசர் (நிரலுக்காகப் பிராசஸர் உழைத்தது) 4.7, சிஸ் (கெர்னலில் செலவானது) 0.1. மீதி எங்கே போனது? ஒப்பிடு எதிரே எத்தனை முறை அழைக்கப்பட்டது என்ற கட்டமும் காலி. ஜிப்ராஃப் பொய் சொல்கிறதா?

பதில். ஏப்ரல் 12, காலை

பொய் சொல்லவில்லை. கண்ணில் பட்டதை மட்டும் கூட்டிக் காட்டுகிறது. கண்ணில் படாதது எவ்வளவு என்று ஒரு வரி போட்டிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

மைனஸ் பிஜி இரண்டு வேலை செய்கிறது. உங்கள் ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் எம்கவுண்ட் என்ற அழைப்பைச் செருகுகிறது. யார் யாரை எத்தனை முறை கூப்பிட்டார்கள் என்று எண்ணுவது அதன் வேலை. நேரத்துக்கு வேறு வழி. நொடிக்கு 100 முறை நிரல் எந்த முகவரியில் நிற்கிறது என்று எட்டிப் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. எண்ணிக்கை துல்லியம், நேரம் மதிப்பீடு. இரண்டும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் நாம் இரண்டையும் ஒரே மாதிரி நம்பிவிடுகிறோம்.

எட்டிப் பார்க்கிற நேரத்தில் நிரல் உங்கள் பைனரிக்குள், அதாவது கம்பைல் ஆன உங்கள் கோப்புக்குள், நின்றால் கணக்கில் ஏறும். லிப்சி (சி மொழியின் அடிப்படை நூலகம்) போன்ற ஷேர்டு லைப்ரரிக்குள் நின்றால் அந்த முகவரி அட்டவணையின் எல்லைக்கு வெளியே இருக்கும். அந்த சாம்பிள் சத்தமில்லாமல் கீழே போடப்படும். உங்கள் ஸ்ட்ர்கோல், கியூசார்ட் இரண்டும் லிப்சியில் இருக்கின்றன. யூசர் 4.7 நொடியில் 0.61 மட்டும்தான் உங்கள் சொந்தக் குறியீடு. மற்ற 4.1 நொடியில் ஏறக்குறைய முழுவதும் அங்கேதான்.

காலிக் கட்டத்துக்கும் அதே காரணம். ஒப்பிடு ஃபங்ஷனைக் கூப்பிடுவது கியூசார்ட். எம்கவுண்ட் தன்னைக் கூப்பிட்டவரின் முகவரியைப் பார்க்கிறது, அது பைனரிக்கு வெளியே இருந்தால் எண்ணாமல் விட்டுவிடுகிறது. அதனால்தான் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று காட்டும் கால் கிராஃபில் ஒப்பிடு மேலே ஸ்பாண்டேனியஸ் என்று போட்டிருக்கும், தானாக முளைத்ததுபோல.

ஏப்ரல் 12, மதியம்

சோதித்துப் பார்க்க எளிய வழி: மைனஸ் ஸ்டேட்டிக் சேர்த்து மறுபடி லிங்க் செய்யுங்கள். லிப்சி உங்கள் பைனரிக்குள்ளேயே வந்துவிடும், சாம்பிள்களும் எல்லைக்குள் விழும்.

ஏப்ரல் 13

ஸ்டேட்டிக்காக லிங்க் செய்த பிறகும் மொத்தம் அதே 0.61, ஆனால் நீங்கள் கூப்பிடவே இல்லாத ஃபங்ஷன்களின் மேல் நேரம் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி இலக்கம் வரை ஒரே எண் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். சாம்பிள் எடுக்கிற கருவி இரண்டு ஓட்டத்தில் அப்படி ஒத்துப்போவது அபூர்வம்.

ஓட்டத்தின் அளவுகள் எழுதப்படும் ஜிமான்.அவுட் கோப்பின் தேதியைப் பாருங்கள். நிரல் முறையாக முடிந்தால்தான் அந்தக் கோப்பு எழுதப்படும். கண்ட்ரோல்-சி அழுத்தி நிறுத்தினாலோ, நிரல் விழுந்துவிட்டாலோ எழுதாது. முந்தைய ஓட்டத்தின் கோப்பு அப்படியே கிடக்கும். பழைய கோப்பையும் புதிய பைனரியையும் சேர்த்துக் கொடுத்தால் ஜிப்ராஃப் மறுக்காது. பழைய முகவரிகளின் மேல் புதிய பெயர்களை ஒட்டிக் காட்டும்.

ஏப்ரல் 13, இரவு

சரி, நீங்கள் பாதியில் நிறுத்தியதுதான் காரணம். புதிய எண்கள் இப்போது சொல்கிற கதையே வேறு: ஸ்ட்ர்கோல் மட்டும் 3.6 நொடி. ஒப்பிடு எதிரே காலியாக இருந்த கட்டத்தில் 50 லட்சத்து 80 ஆயிரத்துச் சொச்சம்.

அந்த எண்ணைக் கையால் சரிபார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். 3 லட்சத்தின் இரட்டை அடி மடக்கை ஏறக்குறைய 18.2. உங்கள் கியூசார்ட் உள்ளே பயன்படுத்தும் மெர்ஜ் சார்ட் கலைந்து கிடக்கும் 3 லட்சத்தை அடுக்க 3 லட்சம் பெருக்கல் 18.2, அதில் கொஞ்சம் கழித்து, 51 லட்சத்தை ஒட்டி ஒப்பீடுகள் தேவைப்படும். ஒத்துப்போகிறது. 3.6 நொடியை 50.8 லட்சத்தால் வகுத்தால் ஒரு ஒப்பீட்டுக்கு 0.7 மைக்ரோநொடி. தமிழில் ஒவ்வொரு யூனிகோட் குறியும் யூடிஎஃப்-8இல் 3 பைட். தமிழ் என்ற சொல்லே 5 குறி, 15 பைட். அந்தப் பைட்டுகளைக் குறிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரிசை எடையைத் தேடி, பல நிலைகளில் ஒப்பிட 0.7 மைக்ரோநொடி என்பது நம்பக்கூடியது. அது 0.02 என்றோ 40 என்றோ வந்திருந்தால் நான் கருவியைத்தான் முதலில் சந்தேகப்பட்டிருப்பேன்.

ஏப்ரல் 14

முந்தாநாள் எண்ணிக்கை துல்லியம் என்று எழுதியதைத் திருத்துகிறேன். எம்கவுண்ட் செருகப்பட்ட இடத்தில்தான் எண்ணிக்கை துல்லியம். ஸ்டேட்டிக்காகச் சேர்த்தாலும் லிப்சி மைனஸ் பிஜி போட்டு கம்பைல் ஆனதல்ல. ஆகவே ஸ்ட்ர்கோலுக்கு நேரம் வரும், எண்ணிக்கை வராது. கால் கிராஃபில் அதன் 3.6 நொடி ஒப்பிடுவின் கணக்கில் ஏறாமல் தனியாகத் தொங்கும். நீங்கள் அதைப் பார்த்து மறுபடி குழம்புவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. உங்கள் மேக்ஃபைலில் பிஜி சேர்த்த வரியில், நிரலை வேகமாக்கச் சொல்லும் ஓ2 இல்லை. டீபக் செய்யும்போது எடுத்துவிட்டு மறந்திருப்பீர்கள். ஓ2 இல்லாமல் அளந்தால் நீங்கள் யாருக்கும் கொடுக்கப்போகாத ஒரு நிரலை அளக்கிறீர்கள். உங்கள் ஹாஷ் ஃபங்ஷனை ஓ2 கூப்பிட்ட இடத்திலேயே கரைத்துவிடும், பட்டியலில் அது இருக்காது. காணவில்லையே என்று பயப்பட வேண்டாம், அதன் நேரம் கூப்பிட்டவரின் பெயரில் இருக்கும்.

புதிய உபுண்டு, டெபியனில் முயல்கிறவர்களுக்கு: நேரம் எதுவும் சேரவில்லை என்று ஜிப்ராஃப் சொன்னால் மைனஸ் நோ-பை சேர்த்துப் பாருங்கள். எனக்கு அதில் சரியானது.

ஏப்ரல் 16

விலக்குச் சொற்பட்டியலைப் படிக்கும் விலக்கு ஃபங்ஷன் ஏன் 0.09 நொடி எடுக்கிறது, அதில் 400 சொற்கள்தானே இருக்கின்றன என்று கேட்டீர்கள். இது ஜிப்ராஃபின் மிகப் பழைய கதை. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

உங்கள் குறியீட்டில் சீராக்கு இரண்டு இடத்திலிருந்து கூப்பிடப்படுகிறது. ஏற்று அதை ஒரே ஒரு முறை கூப்பிடுகிறது, ஆனால் முழுக் கோப்பையும் கையில் கொடுத்து. விலக்கு 400 முறை கூப்பிடுகிறது, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு சொல்லோடு. மொத்தம் 401 அழைப்பு, 0.09 நொடி. இந்த நேரத்தை இரண்டு பேருக்கும் எப்படிப் பிரிப்பது? எந்த அழைப்பு எவ்வளவு எடுத்தது என்று ஜிப்ராஃபுக்குத் தெரியாது. எட்டிப் பார்த்தபோது சீராக்குவுக்குள் நின்றது என்பது மட்டும் தெரியும், யார் அனுப்பி அங்கே வந்தது என்பது தெரியாது. எனவே எல்லா அழைப்பும் சமம் என்று வைத்துக்கொண்டு எண்ணிக்கைப்படி பங்கு போடுகிறது. விலக்குவுக்கு 401இல் 400 பங்கு, ஏற்றுவுக்கு 1 பங்கு. உண்மை அதற்கு நேர் எதிர். கல்யாணப் பந்தி முழுவதற்கும் வாங்கிப் போனவரையும் ஒரு பொட்டலம் வாங்கியவரையும் ஆளுக்கு ஒரு தடவை வந்தார்கள் என்று ஒரே பில் போடுவதுபோல.

1982இல் பெர்க்லியில் சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கிர்க் மெக்யூசிக் மூவரும் ஜிப்ராஃப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இந்த அனுமானத்தைச் சொல்லிவிட்டார்கள். மறைத்து வைத்த குறை அல்ல. இன்றைய க்னூ கையேட்டிலும் இருக்கிறது. நாம் கையேட்டின் அந்தப் பக்கத்துக்குப் போவதற்கு முன்பே அட்டவணையைப் பார்த்து வேலையைத் தொடங்கிவிடுகிறோம்.

ஏப்ரல் 16, பின்குறிப்பு

அந்த 0.09 என்பதே 9 சாம்பிள்தான். கையேடு சொல்லும் விதி எளிது: சாம்பிள் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குப் பிழை இருக்கும். 9க்கு 3. ஆக அது 0.06ஆகவும் இருக்கலாம், 0.12ஆகவும் இருக்கலாம். ஹாஷின் 0.03 வெறும் 3 சாம்பிள், அதைப் பற்றி எதுவும் பேச முடியாது. உள்ளீட்டை 20 மடங்காக்கி ஓட்டுங்கள், அல்லது பல ஓட்டங்களின் ஜிமான் கோப்புகளை ஜிப்ராஃபின் கூட்டும் வசதியால் சேருங்கள்.

ஏப்ரல் 19

பெர்ஃபுக்கு மாறிவிட்டீர்கள், நல்லது. லினக்ஸ் கெர்னலோடு 2009 முதல் வருகிற கருவி. பைனரி, லைப்ரரி, கெர்னல் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டும். ஸ்ட்ர்கோல் எங்கே என்று தேடவே வேண்டியிருந்திருக்காது, முதல் வரியில் நின்றிருக்கும். ஆனால் இதற்கும் பார்வைக் குறைகள் உண்டு.

நீங்கள் ஒட்டியிருந்த கால் கிராஃபில் ஸ்ட்ர்கோலுக்கு மேலே பெயரில்லாத பதினாறடிமான முகவரி, அதற்கும் மேலே அன்நோன். பெர்ஃபின் சாதாரண கால் கிராஃப், கூப்பிட்டவரின் இடத்தைக் காட்டும் ஃபிரேம் பாயின்டரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. ஜிசிசி ஆப்டிமைஸ் செய்யும்போது அந்த ரெஜிஸ்டரை வேறு வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. ஏணியில் ஒரு படி போனால் அதற்கு மேல் எல்லாம் குருட்டு ஏற்றம். உங்கள் குறியீட்டுக்கு மைனஸ் எஃப் நோ-ஒமிட்-ஃபிரேம்-பாயின்டர் போடலாம், ஆனால் வந்திருக்கிற லிப்சியை என்ன செய்வது? 2023இல் ஃபெடோரா 38, அடுத்த ஆண்டு உபுண்டு 24.04 இரண்டும் தங்கள் தொகுப்புகளை ஃபிரேம் பாயின்டரோடு கம்பைல் செய்யத் தொடங்கின. பல வருடம் பலர் வாதாடிக் கேட்டது, எனக்கு அது உண்மையிலேயே பெரிய சந்தோஷம். நீங்கள் 22.04இல் இருக்கிறீர்கள், அதனால் கால்-கிராஃப் ட்வார்ஃப் என்று கொடுங்கள். அது ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஸ்டாக்கில் 8192 பைட்டை நகலெடுத்து வைத்துப் பிறகு அலசும். கோப்பு பெரிதாகும். ஸ்டாக் அதைவிட ஆழமாகப் போனால் மேல் பகுதி வெட்டுப்படும்.

அதிர்வெண்ணுக்கு 100 கொடுக்காமல் 99 கொடுங்கள். உங்கள் நிரலில் நொடிக்கு 100 முறை நடக்கிற ஏதாவது வேலை இருந்தால், 100 கொடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தைப் பிடிப்பீர்கள், அல்லது ஒவ்வொரு முறையும் தவறவிடுவீர்கள். 99 அந்தத் தாளத்திலிருந்து விலகி நடக்கும்.

ஏப்ரல் 20

வேறொருவர் கேட்டது: பைத்தானில் சிப்ரொஃபைல் காட்டும் நேரமும் சாதாரண ஓட்டமும் ஒத்துப்போகவில்லை, ஏன்?

பைத்தானோடு வரும் ப்ரொஃபைலரான சிப்ரொஃபைல் சாம்பிள் எடுப்பதில்லை. ஒவ்வொரு அழைப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் கடிகாரம் பார்க்கிறது. அந்தப் பார்வைக்கே செலவு உண்டு. அரை நொடி எடுக்கும் ஃபங்ஷனுக்கு அது தூசு. அரை மைக்ரோநொடி எடுக்கும் ஃபங்ஷனை 30 லட்சம் முறை கூப்பிட்டால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் கடிகாரம் பார்த்த செலவு. சி மொழியில் எழுதிய உள் ஃபங்ஷன்களுக்குள் நடக்கும் வேலைக்கு அந்தச் சுமை ஏறாது, அதனால் அவை உள்ளதைவிட மலிவாகத் தெரியும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு நிறுவனத்தில் பில் கோப்புகளை அலசும் நிரல், ஓட 41 நொடி. ஒரு எழுத்து எண்ணா இல்லையா என்று பார்க்கும் இரண்டு வரி ஃபங்ஷன்தான் முக்கால்வாசி நேரத்தை எடுப்பதாக சிப்ரொஃபைல் காட்டியது. ஏறக்குறைய இரண்டு வாரம் உட்கார்ந்து அந்த அழகான சின்ன ஃபங்ஷன்களையெல்லாம் கூப்பிடும் இடங்களில் கையால் கரைத்தேன். ப்ரொஃபைலரில் பாதிக்கு மேல் குறைந்தது. ப்ரொஃபைலர் இல்லாமல் ஓட்டினால் 39 நொடி. உண்மையில் நேரம் போனது ஒரு ரெகுலர் எக்ஸ்ப்ரெஷனில். அது சி-க்குள் நடப்பதால் பட்டியலில் அடியில் பம்மிக் கிடந்தது. அதை மாற்ற ஒரு மதியம் போதுமாக இருந்தது. நான் கரைத்து வைத்த குறியீட்டைப் பிறகு பராமரித்தவர் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். அவர் அதைப் படிக்கத் திணறியதைப் பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

இப்போது நான் செய்வது: முதலில் ப்ரொஃபைலர் இல்லாமல் ஓட்டி நேரம் எழுதி வைப்பேன். பிறகு ப்ரொஃபைலரோடு. இரண்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் விலகினால் சிப்ரொஃபைலை ஓரம் வைத்துவிட்டு பைஸ்பை எடுப்பேன், அது வெளியே நின்று சாம்பிள் எடுக்கிறது. பைத்தான் 3.12 முதல் பெர்ஃபே பைத்தான் ஃபங்ஷன் பெயர்களைக் காட்டும்படி செய்ய முடிகிறது. அப்புறம், பைத்தான் 3.11 வரை சிப்ரொஃபைல் தன்னை இயக்கிவிட்ட த்ரெட்டை மட்டும்தான் பார்க்கும். வேலையெல்லாம் வேறு த்ரெட்டில் நடந்தால் உங்களுக்குக் கிடைப்பது காத்திருப்பின் படம்.

ஏப்ரல் 27

ஸ்ட்ர்எக்ஸ்ஃப்ர்ம் யோசனை எடுபட்டதா என்று காத்திருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ஒரு சொல் ஒப்பீட்டுக்கு வரும்போதெல்லாம் ஸ்ட்ர்கோல் வரிசை எடைகளை முதலிலிருந்து தேடுகிறது. ஸ்ட்ர்எக்ஸ்ஃப்ர்ம் சொல்லுக்கு ஒரு முறை அந்த எடைகளை எழுதிச் சாவியாகக் கொடுத்துவிடும். அதன்பின் சாவிகளை ஸ்ட்ர்கம்ப் செய்தால் போதும், அதே வரிசை வரும். 3 லட்சம் முறை மாற்றம், 50 லட்சம் மலிவான ஒப்பீடு. சாவிகள் மூலச் சொல்லைவிட நீளமானவை, அவற்றுக்கு நினைவகம் தனியாக வேண்டும்.

மே 2

யூசர் 4.7இலிருந்து 1.2. அருமை. நீளம் கேட்க ஒரு முறை, எழுத ஒரு முறை என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்ட்ர்எக்ஸ்ஃப்ர்மை இரண்டு தடவை கூப்பிடுகிறீர்கள். பெரிய பஃபர் ஒன்றை வைத்து நேராக எழுதச் சொல்லுங்கள், போதாவிட்டால் மட்டும் பெரிதாக்குங்கள். இன்னும் கொஞ்சம் குறையும்.

மே 6

காலையில் 1.2, மதியம் 1.6, குறியீடு மாறவில்லை. கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில் இப்போது அக்னி நட்சத்திரம், அறையில் ஏசி இல்லை, மடிக்கணினி மெத்தை மேல். எனக்கு இதே நடந்திருக்கிறது, அதனால்தான் மெத்தையா என்று கேட்டேன்.

சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதல் சில நொடி டர்போவில் பறந்து பிறகு இறங்கும். சார்ஜர் கழன்றாலும் வேகம் இறங்கும். அளக்கும்போது சார்ஜரைச் செருகுங்கள், பிராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை பெர்ஃபார்மன்ஸ் என்று வையுங்கள், மேசை மேல் வைத்துப் பத்து முறை ஓட்டி நடு எண்ணை எடுங்கள். பத்து எண்களையும் எழுதி வைப்பது முக்கியம். 1.21, 1.22, 1.24 என்று தொடங்கி 1.6 வரை ஏறிக்கொண்டே போனால் அது வெப்பம். 1.2உம் 1.6உம் மாறி மாறி வந்தால் வேறு ஏதோ நிரல் குறுக்கிடுகிறது. சராசரி 1.4 என்று மட்டும் எழுதினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

பழைய குறியீட்டைப் பத்து முறை முடித்துவிட்டுப் பிறகு புதியதைப் பத்து முறை ஓட்டாதீர்கள். மாற்றி மாற்றி ஓட்டுங்கள். சூடு இரண்டுக்கும் பங்காகட்டும்.

மே 7

இன்னும் விசித்திரமான காரணங்கள் உண்டு. 2009இல் டாட் மிட்கோவிட்ஸ், அமர் திவான், மத்தியாஸ் ஹவுஸ்விர்த், பீட்டர் ஸ்வீனி நால்வரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நிரலுக்கு வெளியே உள்ள என்விரான்மென்ட் மாறிகளின் மொத்த நீளம் மாறினாலே ஓடும் நேரம் மாறுகிறது, ஆப்ஜெக்ட் கோப்புகளை லிங்க் செய்யும் வரிசை மாறினாலும் மாறுகிறது என்று காட்டினார்கள். அந்த நீளம் ஸ்டாக் தொடங்கும் முகவரியை நகர்த்துகிறது, அதனால் தரவு கேஷில் உட்காரும் விதம் மாறிவிடுகிறது. ஓ3 ஓ2வைவிட நல்லதா என்ற கேள்விக்கே பதில் அதைப் பொறுத்துத் திரும்பியது.

அதே குழு அடுத்த ஆண்டு ஜாவா ப்ரொஃபைலர்கள் நான்கை எடுத்து, ஒரே நிரலில் எந்த மெத்தட் சூடானது, அதாவது அதிக நேரம் எடுக்கிறது, என்பதில் அவை ஒன்றோடொன்று முரண்படுவதைக் காட்டினார்கள். காரணம், சேஃப்பாயின்ட் என்ற குறிப்பிட்ட நிறுத்தங்களில் மட்டும் அவை சாம்பிள் எடுத்தன. பஸ் நிற்கிற இடத்தில் மட்டும் பயணிகளைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் கூட்டம் அங்கேதான் என்று எழுதுகிற மாதிரி.

உங்கள் நிரலில் இந்த என்விரான்மென்ட் விளைவு இருக்கிறதா என்று நானும் நீளமான ஒரு மாறியைச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை. ஆனால் 2 சதவீத முன்னேற்றம் என்று யாராவது சொன்னால் இதைக் கேட்காமல் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மே 9

நேரத்தைக் கட்டளை வாரியாகக் காட்டும் பெர்ஃப் அனோடேட்டில் ஹாஷ் ஃபங்ஷனின் ஒரு சாதாரண மூவ் கட்டளை 38 சதவீதம், சிவப்பில். ஒரு ரெஜிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த இவ்வளவா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கு மேல் வரியைப் பாருங்கள். டிவ் என்ற வகுத்தல் கட்டளை இருக்கிறது, உங்கள் மீதி காணும் கணக்கு. அதன் எதிரே 0.4 சதவீதம். குற்றவாளி அதுதான். சாம்பிள் எடுக்கும் குறுக்கீடு வந்து சேரும்போது பிராசஸர் ஒன்றிரண்டு கட்டளை தள்ளிப் போயிருக்கும், அல்லது மெதுவான கட்டளை முடியும் வரை காத்திருந்துவிட்டு அடுத்ததின் பெயரை எழுதும். இதை ஸ்கிட் என்கிறார்கள், வழுக்கல். சைக்கிள்ஸ் நிகழ்வோடு இரண்டு பி சேர்த்துக் கேட்டால் இன்டெலில் பெப்ஸ், ஏஎம்டியில் ஐபிஎஸ் என்ற வன்பொருள் வசதி வழுக்கலை வெகுவாகக் குறைக்கும். ஹாஷ் அட்டவணையின் அளவை இரண்டின் அடுக்காக வைத்தால் டிவ்வே தேவையில்லை, ஒரு ஆண்ட் போதும்.

மே 9, இரவு

அலுவலகத்தின் மேகக் கணினியில் இரண்டு பி எடுபடவில்லை என்கிறீர்கள். பல மெய்நிகர் கணினிகளில் வன்பொருள் எண்ணிகள் உள்ளே வருவதில்லை. பெர்ஃப் தானாகவே சிபியு-கிளாக்குக்கு இறங்கிவிடும். அறிக்கையின் தலைப்பில் சைக்கிள்ஸ் என்று இருக்கிறதா, சிபியு-கிளாக் என்று இருக்கிறதா, அதை முதலில் படியுங்கள். இரண்டாவதாக இருந்தால் கெர்னல் பகுதியை நம்ப வேண்டாம். குறுக்கீடுகள் அடைக்கப்பட்டிருக்கும் நேரமெல்லாம் டைமர் வாசலில் நிற்கும், திறந்த கணத்தில் உள்ளே வரும். அந்த நேரம் முழுவதும் பெயரில் ஸ்பின் அன்லாக் என்று வரும் ஒரு கெர்னல் ஃபங்ஷனின் தலையில் விழும். அது கதவைத் திறந்தது மட்டும்தான்.

மே 11

கடைசிப் பாக்கி. முதல் நாள் ரியல் 5.6, யூசரும் சிஸ்ஸும் சேர்ந்து 4.8. நடுவில் 0.8 நொடி. அன்றே சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஜிப்ராஃபும் சரி, சைக்கிள்ஸ் எண்ணும் பெர்ஃபும் சரி, பிராசஸர் வேலை செய்யும் நேரத்தைத்தான் பார்க்கின்றன. நிரல் தூங்கிக் காத்திருக்கும் நேரம் இரண்டிலும் வராது.

கோப்புக்காக டிஸ்க்கில் காத்திருந்தது என்பது என் ஊகம். நீங்கள் சோதித்து அனுப்பிவிட்டீர்கள்: இரண்டாவது ஓட்டத்தில் இடைவெளி 0.02, படித்த கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷைக் காலி செய்துவிட்டு ஓட்டினால் 0.79. சரியாகப் பொருந்துகிறது. அன்று நீங்கள் கணினியை அப்போதுதான் திறந்து ஓட்டியிருப்பீர்கள்.

இப்போது உங்கள் கணக்கு: யூசர் 0.94. பெர்ஃப் சதவீதங்களை நேரமாக மாற்றினால் ஸ்ட்ர்எக்ஸ்ஃப்ர்ம் 0.36, சாவிகளை ஒப்பிடுவது 0.27, கோப்பைப் படித்துச் சீராக்குவது 0.24, மற்றவை 0.06. கூட்டினால் 0.93. எனக்கு இது போதும். அடுக்கிய கோப்பிலும் ள முடிந்து ற, அதற்குப் பிறகு ன, கடைசிப் பக்கம் வரை பார்த்தேன்.

அந்த ஸ்டேட்டிக் பைனரியையும் பழைய ஜிமான்.அவுட்டையும் இன்றைக்கே அழித்துவிடுங்கள். மேக்ஃபைலில் ஓ2வைத் திரும்பப் போட்டுவிட்டீர்களா?